ஃபுல் நைட் பிராட்ஃபோர்ட்

பீளமேடு, கோயம்புத்தூர்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதமும் படங்களும் வந்தன. உன் பேத்தி லிஸ்டர் மில்லுக்குள் ஃபிளாட் வாங்கியிருக்கிறாள் என்பதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். நம் பிராட்ஃபோர்டின் மானிங்ஹாம் பகுதியில் எந்தச் சந்தில் நின்றாலும் அந்த 249 அடிப் புகைபோக்கி தெரியும். வந்த புதிதில் வழி தவறினால் அதைப் பார்த்துத்தானே அறைக்கு வந்து சேர்வோம்! ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய பட்டு ஆலை. 1992-இல் மூடினார்கள். இப்போது அங்கே உன் பேத்தி காபி போட்டுக் குடிக்கிறாள். மாதத் தவணை எவ்வளவு என்று நீ எழுதவில்லை. நல்லதுதான், எனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது.

இங்கிலாந்தில் நாம் கம்பளி மில்லில் வேலை பார்த்த பிராட்ஃபோர்ட் என்றதும் முதலில் என்ன ஞாபகம் வருகிறது என்று கேட்டிருந்தாய். வாடைதான், வேறென்ன. ஆட்டு ரோமத்தை வெந்நீர்த் தொட்டிகளில் அலசும்போது இறங்குமே, அந்தக் கொழுப்பு வாடை. சட்டை, தலைமுடி, தலையணை எதையும் விடாது. ஊர்ச் சாக்கடைத் தண்ணீரிலிருந்தே எஷோல்ட் சுத்திகரிப்பு நிலையத்தில் அந்தக் கொழுப்பைப் பிரித்தெடுத்தார்கள் என்றால் எவ்வளவு ஓடியிருக்கும் பார். போன மாதம் மருமகள் குழந்தைக்குத் தடவுகிற களிம்பில் 'லானோலின்' என்று போட்டிருந்தது. அதே சரக்குதான். மோந்து பார்த்தேன், ஒரு வாடையும் இல்லை. ஏமாற்றமாக இருந்தது.

நாம் ஏன் எப்போதும் ஃபுல் நைட் ஷிஃப்ட்டிலேயே கிடந்தோம் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. ஆசியாக்காரர்கள் என்பதால் தள்ளிவிட்டார்கள் என்று நினைத்தேன். அதுவும் உண்டு. ஆனால் கணக்கு வேறு. போருக்குப் பிறகு புது மெஷின்களில் நிறையப் பணம் போட்டார்கள் முதலாளிகள். போட்டது திரும்ப வேண்டுமானால் இருபத்துநாலு மணி நேரமும் ஓட்டியாக வேண்டும். பெண்களை ராத்திரி வேலைக்கு வைக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை, 1986 வரைக்கும். ஊர் ஆண்களுக்கு இதைவிட நல்ல வேலை வேறு இடத்தில் கிடைத்தது. மிச்சம் யார்? பாகிஸ்தான் பக்கத்துக் காஷ்மீரிலிருந்து வந்த மிர்பூர்க்காரர்களும் நம்மைப் போன்ற ஒன்றிரண்டு உதிரிகளும். பகலில் யார்க்‌ஷயர் ஊராக இருந்தது, ராத்திரி பத்து மணிக்குமேல் பஞ்சாபி பேசிற்று. நீகூட இங்கிலீஷுக்கு முன்னால் பஞ்சாபிதானே கற்றுக்கொண்டாய்!

ரோமத்தைச் சீவும் கோம்பிங் ஷெட்டில் நம் பக்கத்து மெஷினில் நின்ற மிர்பூர்க்கார சாச்சாவை நினைக்காத நாள் குறைவு. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்குப்பாத்திரத்தைத் திறந்து, நாம் சாப்பிட்ட பிறகுதான் தான் சாப்பிடுவார். அவர் இருந்த வீட்டில் கட்டில் சூடு ஆறவே ஆறாது; பகல் ஷிஃப்ட்காரன் எழுந்ததும் நைட் ஷிஃப்ட்காரன் அதிலேயே விழுவான். அவர் ஊரில் கட்டிய மங்களா அணையில் முழுகிய லட்சம் பேரின் நிலம் வீடுகளில் அவருடையதும் ஒன்று. தண்ணீர் வற்றும் மாதங்களில் பழைய மிர்பூரின் தர்காவும் கோயிலும் தலைகாட்டும் என்று ஒருநாள் சொன்னார். நீ சட்டென்று மெஷினை விட்டு வந்து, பவானிசாகரில் எங்க டணாயக்கன் கோட்டையும் அப்படித்தான், உள்ளே இருக்கிற பெருமாள் கோயில் கோடையில் தெரியும், எங்க அப்பாரு காடும் அதுக்குள்ளதான் போச்சு என்று கைஜாடையிலேயே சொல்லி முடித்தாய். அன்றைக்கு ஓவர்லுக்கர், அதான் நம் ஷெட் மேஸ்திரி, கத்தியது இருவர் காதிலும் விழவில்லை.

மற்றதெல்லாம் துண்டு துண்டாகத்தான் வருகிறது. 1971 பிப்ரவரியில் ஷில்லிங் போய், நூறு பென்ஸ் ஒரு பவுண்டு ஆனதும் கேஸ் மீட்டருக்கு எந்தக் காசு போடுவது என்று நீ முழித்தது. 1972 மார்ச் 26, ஞாயிற்றுக்கிழமை, கடைசி டிராலிபஸ்ஸைப் பார்க்க நின்ற கூட்டம். மேலே மின்கம்பியைத் தொட்டு ஓடுகிற, அப்போது பிரிட்டனிலேயே வேறெங்கும் மிச்சமில்லாத வண்டி, மேட்டில் சத்தமே இல்லாமல் ஏறும். 1974-இல் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்று அரசாங்கம் சொன்ன அந்தக் குளிர்காலம், பாதிச் சம்பளக் கவர். ஒரு குழம்பு வாங்கினால் மூன்று சப்பாத்தி சும்மா வந்த கடை. ஸ்பூன் கேட்டவனை அங்கே எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

இங்கத்திய சேதி ஒன்று சொல்ல வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் ஒரு ஸ்பின்னிங் மில்லுக்கு ஆலோசனை சொல்லப் போகிறேன். ராத்திரி ஷிஃப்ட்டில் பாதிக்குமேல் ஒடிசா, பீகார்ப் பையன்கள். நம்மூர்ப் பசங்க சரவணம்பட்டிப் பக்கம் ஐ.டி.க்குப் போய்விட்டார்கள், அங்கேயும் ராத்திரி வேலைதான், ஏ.சி. இருக்கிறது. 'லீவே கேக்கமாட்டாங்க, நல்ல பசங்க' என்று மேனேஜர் என்னிடம் மெச்சிக்கொண்டார். நம் ஓவர்லுக்கரும் நம்மைப் பற்றி இதைத்தானே சொன்னார்?

அந்தப் பையன்களில் நாலு பேர் வாடகைக்கு வீடு தேடி எங்கள் வீதிக்கு வந்தார்கள். போர்டு தொங்கிய வீட்டிலேயே குடும்பத்துக்கு மட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். அங்கே 'இப்பத்தான் போச்சு, லவ்' என்று செல்லமாகக் கூப்பிட்டுச் சிரித்தபடியே நம் முகத்துக்கு நேரே எத்தனை கதவு சாத்தியது! கடைசியில் நமக்கு இடம் கொடுத்தவள் அந்த உக்ரேனியக் கிழவிதான். போர் முடிந்து அகதி முகாமிலிருந்து மில் வேலைக்கென்று கொண்டுவரப்பட்டவள். கடுகு தாளித்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிப்படியில் நின்று திட்டுவாள், ஆனால் காலி பண்ணச் சொன்னதே இல்லை.

எங்கள் மேல் போர்ஷனை அந்தப் பையன்களுக்கு விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் சங்கக் கூட்டத்தில் பிராது கொடுத்திருக்கிறார். உன் தங்கச்சி முதல் வாரம் என்னோடு பேசவில்லை. அவர்கள் கடுகெண்ணெயில் மீன் வறுக்கும்போது வீடு முழுக்கப் புகை; இவள் மாடிப்படியில் நின்று திட்டுகிறாள். திட்டிவிட்டு நேற்று ஒரு போசி ரசம் கொடுத்தனுப்பினாள். பகலெல்லாம் தூங்குகிறார்கள், அதனால் மேலே யாரும் நாற்காலி இழுக்கக் கூடாது என்று பேரனுக்கு உத்தரவு வேறு.

தையில் வருவதாக எழுதியிருக்கிறாய். தையில் வந்தால் அணையில் கோயில் தெரியாது, சித்திரையில் வந்தால் வெயிலில் நீ தாங்கமாட்டாய், ஆகவே தையிலேயே வா. எனக்கு முட்டி வலி, படி ஏற முடியாது; மேலே இடமும் இல்லை. கீழே என் அறையில்தான் உனக்குப் படுக்கை. குறட்டைக்கு ஏதாவது வைத்தியம் பார்த்தாயா இல்லையா என்று டிக்கெட் போடுமுன் எழுது.

அன்புடன்,
உன் மச்சான்