சிங்கப்பூரில் ‘ஊர்’ இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நாடுகளின் பெயர்க்காரணம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில் ‘சிங்கம் + ஊர் = சிங்கப்பூர்’ என்று ஒரு வரி இருந்தது. மேடைப் பேச்சுகளிலும் தேசிய தினக் கட்டுரைகளிலும் நெடுநாளாகப் புழங்கும் பிரிப்பு இது. கேட்க இனிக்கிறது, ஆனால் தவறு. நாம் வாழும் நாட்டின் பெயர் என்பதால் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் இலக்கணம். ‘ஊர்’ உயிரெழுத்தில் தொடங்கும் சொல். மகரத்தில் முடியும் பெயர் அதனோடு சேர்ந்தால் ‘மரம் + அடி = மரவடி’ என்பதைப் போல மகரம் கெட்டு வகரம் தோன்ற வேண்டும். அல்லது இடையில் ‘அத்து’ என்ற சாரியை பெற வேண்டும். குளம் குளத்தூர் ஆனதும் குன்றம் குன்றத்தூர் ஆனதும் அப்படித்தான். அந்த வழியில் போனால் நமக்குக் கிடைப்பது சிங்கவூர் அல்லது சிங்கத்தூர். பகரத்துக்கு அங்கே இடமே இல்லை. பெரம்பூரைக் காட்டி வாதிடுவோர் உண்டு. அந்தப் பகரம் ‘பெரம்பு’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. சிங்கத்தில் எங்கே இருக்கிறது?

பகரம் வந்தது, நகரத்தைக் குறிக்கும் ‘புர’ என்ற வடசொல்லிலிருந்து. சிம்ஹ + புர என்பது மலாயில் சிங்கபுரா. மலாய் ‘சிங்கா’வும் தமிழ்ச் ‘சிங்க’மும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை, ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததாகக் கொள்ளத் தேவையில்லை. இந்தப் பெயர் நமக்கு மட்டுமே உரியதும் அன்று. வியட்நாமின் திரா கியூவில் இருந்த சம்பா நாட்டுத் தலைநகர் சிம்ஹபுரம். தாய்லாந்தில் பேங்காக்குக்கு வடக்கே சிங்புரி என்று ஒரு மாநிலமே இருக்கிறது. எனவே இத்தீவில் சிங்கம் உலவியதா என்ற ஆராய்ச்சியும் தேவையற்றது, உலவியதில்லை. சுமத்ராவின் பலெம்பாங்கிலிருந்து வந்த இளவரசன் இங்கே ஒரு விலங்கைக் கண்டு இப்பெயரைச் சூட்டினான் என்பது கதை. அந்த விலங்குக்குச் செஜாரா மெலாயு என்ற மலாய் வரலாற்று நூல் தரும் அடையாளங்கள்: சிவந்த உடல், கறுத்த தலை, வெண்மார்பு, கிடாயைவிடச் சற்றே பெரிய உருவம். அதைச் சிங்கம் என்று சொன்னவர்களும் முன்னோர் சொல்லக் கேட்டதை வைத்துத்தான் சொன்னார்கள். அந்த நூல் 17ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது. 14ஆம் நூற்றாண்டின் எழுத்துச் சான்றுகளில் இத்தீவின் பெயர் வேறு: 1349 அளவில் சீனப் பயணி வாங் தாயுவான் எழுதியது ‘தான்மாசி’, 1365இன் ஜாவானியக் காவியத்தில் வருவது ‘துமாசிக்’. இன்று நாம் தெமாசெக் என்பது அதையே.

இனி, தமிழ் வடிவம் ஏன் சிங்கபுரம் ஆகவில்லை? காஞ்சிபுரம், இராமநாதபுரம் போல வடமொழியிலிருந்து நேரே வந்திருந்தால் ‘புரம்’ என்றே நின்றிருக்கும். ‘பூர்’ என்பது நாக்பூர், கான்பூர் போல, பிறர் சொல்லக் காதால் கேட்டு எழுதிய வடிவம். ஆங்கிலேயர் இங்கே துறைமுகம் அமைத்த 1819க்குப் பிறகு கப்பலில் வந்திறங்கிய தமிழர்கள் துறைமுகத்தில் கேட்ட பெயரையே தமிழாக்கிக்கொண்டார்கள் என்பது என் துணிபு. இரட்டித்த பகரம் அதற்கு வலு சேர்க்கிறது. தமிழில் இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒற்றைப் பகரம் வந்தால் ‘கோபம்’ என்பதில் வருவது போல மெலிந்து ஒலிக்கும். மூல ஒலியைக் காக்க ‘ப்ப்’ வேண்டும். விளம்பரப் பலகைகளில் காணும் ‘சிங்கபூர்’ தவறாவது இதனால்தான். ஒரு வெள்ளி நாணயத்தை எடுத்துப் பாருங்கள்: நான்கு மொழிகளில் நாட்டின் பெயர், தமிழில் ஒற்று சரியாக இருக்கிறது.

ஈற்றோசை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. கோலாலம்பூரில் ஊரும் இல்லை, புரமும் இல்லை. மலாயில் ‘குவாலா’ ஆறு கூடுமிடம், ‘லும்பூர்’ சேறு. ஜொகூரையோ மணிக்கல்லைக் குறிக்கும் ‘ஜவ்ஹர்’ என்ற அரபுச் சொல்லோடு இணைத்துச் சொல்வதே வழக்கம். மூன்று பெயருக்கும் தமிழ்க் காதில் ஒரே முடிவு, வேர்களோ வேறு வேறு.

சோழர் சூட்டிய பெயர் என்ற கூற்றும் கட்டுரையில் இருந்தது. 1025இல் நடந்த கடற்படையெடுப்பில் வென்ற இடங்களை, சோழ மன்னன் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியே (கல்வெட்டுப் புகழ்ப்பாடலே) பெயர் பெயராக அடுக்குகிறது: ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாநக்கவாரம், கடாரம் என்று நீளும் அந்தப் பட்டியலில் சிங்கபுரம் இல்லை. சிங்கப்பூர் ஆற்றின் முகத்தில் நின்று, 1843இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட கல்வெட்டைச் சிலர் துணைக்கு அழைக்கிறார்கள். எஞ்சிய துண்டின் எழுத்துக்கு எல்லாரும் ஏற்கும் வாசிப்பு இன்னும் வரவில்லை. அதை எதற்கும் சான்றாக்க முடியாது.

‘சிங்கை’யிலும் கவனம் வேண்டும். கோவை, நெல்லை போல இது அழகான மரூஉ. 1887இலேயே ‘சிங்கை நேசன்’ என்று இங்கே இதழ் நடந்தது. ஆனால் பழைய பாட்டிலோ கல்வெட்டிலோ சிங்கை என்று கண்டதும் நம் தீவு என்று பாய்ந்துவிடக் கூடாது. இலங்கையின் கொட்டகமக் கல்வெட்டில் வரும் ‘பொங்கொலிநீர்ச் சிங்கைநகர்’ யாழ்ப்பாண மன்னரின் தலைநகர். நெல்லைச் சீமையின் விக்கிரமசிங்கபுரத்துக்கும் சிங்கை என்ற பெயர் உண்டு.

சீனர் இந்தப் பெயரைக் கையாண்ட விதம் நமக்குப் பாடமாகும். ‘ஸின்ஜியாபோ’ என்ற மூன்று எழுத்துகளைத் தனித்தனியே பொருள் கொண்டால் புதிய, கூட்டுதல், சரிவு என்று வரும். அவை ஒலிக்காக எடுத்தவை. அதில் சிங்கத்தைத் தேடுவாரில்லை. சிங்கப் பொருள் வேண்டுமானால் ‘ஷிசெங்’ (சிங்க நகரம்) என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். இவற்றோடு, நீரிணையைக் குறிக்கும் மலாய்ச் ‘செலாட்’டிலிருந்து ‘லாட்’ என்றும் தீவை அழைத்தார்கள். 1881இல் தொடங்கிய ‘லாட் பாவ்’ நாளிதழின் பெயரில் இருப்பது அதுதான்.

அடுத்த இதழில் ஒரு திருத்தக் குறிப்பு வெளியிட வேண்டுகிறேன். சிறுவர் பக்கத்தின் ‘பிரித்து எழுதுக’ பயிற்சியிலிருந்து சிங்கப்பூரை எடுத்துவிடுங்கள். குளத்தூரையும் மரப்பெட்டியையும் கொடுங்கள். பிள்ளைகள் விதியைச் சரியாகக் கற்றுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அங் மோ கியோ