நான்கு தலைமுறைக்கு ஒரு வீடு

மயிலாடுதுறை

அன்புள்ள நண்பனுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் மகன் பெங்களூரை விட்டுக் குடும்பத்தோடு கும்பகோணத்துக்கே வரப்போகிறான் என்ற செய்தியைப் படித்ததும், உன்னைவிட என் மனைவிதான் அதிகம் மகிழ்ந்தாள். எண்பதைத் தாண்டிய அம்மா, நீங்கள் இருவர், மகன், மருமகள், பள்ளிக்குப் போகும் பேரன், இப்போதுதான் தவழத் தொடங்கியிருக்கும் பேத்தி என்று நான்கு தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழ்வது இந்தக் காலத்தில் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வீட்டில் என்னென்ன மாற்ற வேண்டும் என்று கேட்டிருந்தாய். என் மாமியாரும் மகள் வயிற்றுப் பேரனும் எங்களோடு இருப்பதால் எனக்குத் தோன்றியதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதியவருக்கு ஒரு பட்டியல், குழந்தைக்கு ஒரு பட்டியல் என்று தனித்தனியே போட்டுக்கொண்டு கொத்தனாரை அழைக்காதே. ஒருவருக்குக் காவலாக வைப்பது இன்னொருவரின் காலை வாரிவிடும். உன் வீட்டு முற்றத்தையே எடுத்துக்கொள். குழந்தை தாழ்வாரத்திலிருந்து கீழே விழாமலிருக்க முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகையைக் குறுக்கே வைப்பதுதான் வழக்கம், ஆனால் இரவில் அரைத்தூக்கத்தில் எழுந்து வரும் அம்மாவுக்கு இடறி விழ அந்தப் பலகையே போதும். தூண்களுக்கு இடையே இடுப்பளவு உயரத்தில், அடியில் குறுக்குச் சட்டம் இல்லாமல், குனியாமலே திறக்கும்படி கொண்டி வைத்த கதவாகப் போட்டுவிட்டால் இருவருக்கும் பொருந்தும். கம்பிகள் நெட்டுக்குத்தாக இருக்கட்டும், இடைவெளி பத்து சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். படுக்கைவாட்டில் கம்பி வைத்தால் பேரன் அதையே ஏணியாக்கி ஏறிவிடுவான்.

குளியலறையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் முடிந்ததும் தரையில் எண்ணெயும் சீயக்காயும் சேர்ந்து படியும் வழுவழுப்பு, அடுத்து உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும் சறுக்கிவிடும். பளபளக்கும் தரை ஓடுகளை எடுத்துவிட்டுச் சொரசொரப்பான ஓடு பதிப்பதில் கஞ்சத்தனம் பார்க்காதே. கைப்பிடிக் கம்பியைச் செங்கல் சுவரில் ஆழமாகத் துளையிட்டு போல்ட் போட்டுத்தான் முடுக்க வேண்டும், துண்டு போடும் கம்பி ஆள் எடையைத் தாங்காது. கம்பியை எங்கே பொருத்துவது என்பதைப் பிளம்பரிடம் விட்டுவிடாதே. என் மாமியார் எழும்போது கை தானாகப் போய் ஊன்றிய இடத்தில், சுவரில் உள்ளங்கை அளவுக்கு எண்ணெய்க் கறை படிந்திருந்தது. அந்தக் கறையின் மேலேயே கம்பியை அடித்தோம். அதுவரை "எனக்கு எதற்கு இதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், மறுநாளிலிருந்து ஒன்றும் சொல்லாமல் அதைப் பிடித்துக்கொண்டார்.

தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக வாங்கு, கதவு வெளிப்புறம் திறக்கும்படி இருந்தால் இன்னும் நல்லது. உள்ளே ஒருவர் மயங்கிக் கதவின்மேல் சாய்ந்துவிட்டால், உட்புறம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. சிறுவர்கள் உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் அழுவதற்கும் இதுவே மருந்து. அடுத்தது வாளி. காலையில் குழாயில் தண்ணீர் வராமல் போனால் என்ன செய்வது என்று இரவே எல்லா வாளியையும் நிரப்பி வைப்பது உன் அம்மாவின் பழக்கம், அது எனக்கும் தெரியும். ஆனால் தலை கனத்த தவழும் குழந்தை வாளிக்குள் குப்புற விழுந்தால் அரை வாளி நீரிலும் மூச்சு முட்டிப்போகும், சத்தமும் வராது. வாளியைக் கவிழ்த்து வை என்று அவரிடம் வாதாடுவதைவிட, திருகுமூடியும் அடியில் குழாயும் உள்ள ஒரு டிரம்மை வாங்கி வைத்துவிடு. சேமித்த நீர் இருக்கிறது என்ற நிம்மதி அவருக்கும் கிடைத்துவிடும்.

கீசரை 50 டிகிரிக்கு மேல் வைக்காதே. 60 டிகிரி நீர் சில நொடிகளிலேயே தோலை வேகவைத்துவிடும், குழந்தையின் தோலும் முதியவரின் தோலும் மெல்லியவை. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சுடுவது உடனே தெரியவும் தெரியாது. எரிவாயு கீசராக இருந்தால் குளியலறைக்குள் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

பூசையறையில் நம்மவர்கள் கவனிக்காத ஒரு பொருள் கற்பூரம். வெள்ளையாக, கல்கண்டு மாதிரி இருப்பதால் குழந்தை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும், விழுங்கிய சிறிது நேரத்துக்குள்ளேயே வலிப்பு வரக்கூடும். அப்படி நேர்ந்தால் வாந்தியெடுக்க வைக்க முயலாமல் நேரே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், மண்ணெண்ணெய்க்கும் இதே விதிதான். அதனால் கற்பூர டப்பா மேல்தட்டுக்குப் போகட்டும். தரையில் நிற்கும் குத்துவிளக்கையும் சுவர் மாடத்துக்கு ஏற்றிவிட்டால், பேத்தியின் கைக்கும் எட்டாது, அம்மா குனிந்து திரி தூண்டும்போது முந்தானையிலும் பற்றாது.

மாத்திரை விஷயத்தில் அவசரப்பட்டு அம்மாவின் மனத்தைப் புண்படுத்திவிடாதே. சர்க்கரைக்குத் தரும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை ஒன்றே ஒன்று உள்ளே போனாலும் சிறு குழந்தைக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும், ஆகவே பூட்டி வைப்பது கட்டாயம். ஆனால் சாவியை மருமகளிடம் கொடுத்துவிட்டால், வேளைக்கு வேளை தன் மாத்திரையையே அம்மா கேட்டு வாங்க வேண்டியிருக்கும். ஒரு வீட்டை அத்தனை ஆண்டு ஆண்டவருக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். அவர் அறையிலேயே தோள் உயரத்தில் ஒரு சிறு அலமாரியை அடித்து, சாவியை அவர் இடுப்புக் கொத்திலேயே சேர்த்துவிடு. மூட்டு நோவினால் விரல் வளையாதவர் பட்டையிலிருந்து பிதுக்கும்போது மாத்திரை தெறித்துக் கட்டிலடியில் உருண்டுவிடும், பேத்தி தவழும் உயரத்தில் அதுதான் முதலில் கண்ணில் படும். வாரத்துக்கு உரியதை நீயே பிரித்துக் கிழமை போட்ட டப்பாவில் வைத்துக்கொடு.

மின்சாரத்தில், பழைய வயரிங்கை ஒருமுறை முழுக்கப் பார்த்து, எர்த் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு ஸ்விட்சைப் போடச் சொல். அது துண்டித்தால் நள்ளிரவில் வீடே இருண்டுவிடும். அம்மாவின் கட்டிலிலிருந்து கழிவறை வரையிலான வழியில் மட்டுமாவது இன்வெர்ட்டரில் எரியும் சிறு விளக்குகள் இருக்க வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், ஒரு நிமிடம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். உன் வீட்டில் தரையோடு இருப்பவர்கள் மதியத்தில் பாயில் சாயும் அம்மாவும் தவழும் பேத்தியும்தான். வயது ஏற ஏற மோப்ப உணர்வும் மங்கிவிடுவதால், பகலில் அவர் தனியே இருக்கும்போது கசிவை உணராமலே போகலாம். இரவிலும், எல்லோரும் வெளியே போகும்போதும் ரெகுலேட்டரை மூடும் பொறுப்பைப் பேரனிடம் கொடு, பெரியவர்களைவிட அவன் மறக்கமாட்டான். கசிவுக்கு 1906, ஆம்புலன்சுக்கு 108 என்ற எண்களைப் பெரிய எழுத்தில் கூடத்தில் ஒட்டிவை.

குளியலறையையும் மின்சாரத்தையும் மகன் வருவதற்குள் முடித்துவிடு, மற்றவை ஒவ்வொன்றாக நடக்கட்டும். மச்சுக்குப் போகும் மரப்படிகளை அளந்து எனக்கு எழுதி அனுப்பு. செங்குத்தாக இருப்பதைக்கூடக் கைப்பிடி வைத்துச் சமாளிக்கலாம், படிக்குப் படி உயரம் மாறினால்தான் கால் ஏமாறும். அளவைப் பார்த்துவிட்டு, இங்குள்ள ஆசாரியிடம் கேட்டு எழுதுகிறேன். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்