கையெழுத்துப் போட்டால் போதுமா

கண்ணு,

போனில் நீ என்னைப் பேசவிட மாட்டாய், அதனால் எழுதுகிறேன். ஆப்பில் சாப்பாடு கொண்டுபோகிற பையன்கள் இஷ்டப்பட்டுத்தானே சேர்கிறார்கள், நடுவில் அரசாங்கத்துக்கு என்ன வேலை, தனிமனித சுதந்திரத்தை முதலில் வைக்கிற லிபரலிசம் அதுதான் என்றாய். பாதிதான் அது, அதுவும் பழைய பாதி.

ஆக்ஸ்ஃபோர்டில் டி. எச். கிரீன் என்று ஒரு தத்துவ வாத்தியார். கான்ட், ஹெகல் என்ற ஜெர்மன் தத்துவவாதிகள் வழிவந்த கருத்துமுதல்வாதி, அதாவது பொருளைவிட மனசும் கருத்தும்தான் அடிப்படை என்கிறவர், ஆனால் அந்த ஊர் நகரசபைக்கே கவுன்சிலராகவும் போனவர் (எனக்கு அவரைப் பிடித்ததே அதனால்தான்). 1881-ல் இங்கிலாந்தின் லெஸ்டரில் லிபரல் கட்சிக்காரர்கள் முன்னால் ஒப்பந்தச் சுதந்திரம் பற்றிப் பேசினார், அதாவது இரண்டு பேர் இஷ்டப்பட்டுப் போடுகிற ஒப்பந்தத்தில் யாரும் தலையிடக் கூடாது என்கிற கொள்கையைப் பற்றி. தொழிற்சாலைச் சட்டமெல்லாம் சுதந்திரத்தில் கைவைக்கிறது என்று அன்றைக்கும் உன்னை மாதிரியே சொன்னார்கள். கிரீனோ, தடுக்க ஆளில்லை என்பது மட்டும் சுதந்திரம் ஆகாது, செய்யத் தகுந்ததைச் செய்கிற சக்தி வேண்டும், அதுவும் மற்றவர்களோடு சேர்ந்து, அடுத்தவனை அமுக்கி அல்ல என்றார். என் நன்மையை உன் நன்மையிலிருந்து பிரித்தெடுக்க முடியாது என்பதுதான் அவருடைய அறத்துக்கே அடிப்படை.

நம்ம பெரம்பூரில் இது வெறும் தத்துவமா? 1918-ல் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியது. 1920-ல் பின்னி மில் நிர்வாகம், தொழிலாளர்களை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்று சங்கத் தலைவர் பி. பி. வாடியா மேல் வழக்குப் போட, அப்படித் தூண்டக் கூடாது என்று ஹைகோர்ட்டும் தடை விதித்தது. சங்கத்துக்குப் பாதுகாப்பாகச் சட்டம் வர 1926 ஆயிற்று. 2023-ல் 12 மணி நேர வேலை மசோதா வந்தபோதும் ‘விருப்பப்படுகிறவர்களுக்கு மட்டும்’ என்றுதானே சொன்னார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் வாபஸ் வாங்கினார்கள்.

எதிர்வீட்டுப் பையன் ஆங்கிலத்தில் நீளமாக ஓடுகிற ஒப்பந்தத்தைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் ‘அக்ரீ’ அழுத்தியதை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு வரி படிக்கவில்லை. படித்திருந்தாலும் மாற்றச் சொல்லியிருக்க முடியுமா? இப்போது ரேட்டிங் குறைந்து ஐடியை பிளாக் பண்ணிவிட்டார்கள், கேட்க ஒரு ஆள் இல்லை, வண்டிக்கு டியூ மட்டும் ஓடுகிறது.

சரி, யாரும் தலையிடாமல் விடுவதுதான் சுதந்திரம் என்கிற பக்கம் நின்ற தத்துவவாதி ஐசையா பெர்லினை இழுப்பாய் என்று தெரியும். உன் உண்மையான நன்மை எனக்குத்தான் தெரியும் என்று ஆட்சியில் இருப்பவன் கிளம்பினால் என்ன ஆகும் என்று 1958-ல் அவர் பயந்தது நியாயம்தான். கிரீனே சாராயக் கடைக்குக் கடிவாளம் வேண்டும் என்றவர். அங்கேதான் எனக்கும் உதைக்கிறது: உன் நைனா குடித்த காலத்தில் கடையை மூடினால் போதும் என்று நினைத்தவள் நான், ஆனால் அவர் நல்லது கெட்டதை யாரோ ஒரு அதிகாரி முடிவுபண்ணுவதை ஒத்துக்கொண்டிருப்பேனா, தெரியாது. வேலை நேரத்துக்கு வரம்பு வைப்பதும் மனசுக்கு வரம்பு வைப்பதும் ஒன்றில்லை, அவ்வளவு தூரம் நிச்சயம்.

அப்புறம், அமெரிக்கத் தத்துவவாதி ரால்ஸ், எல்லாருக்கும் சமமான சுதந்திரம் வேறு, வசதியைப் பொறுத்து ஒவ்வொருத்தருக்கும் அதன் பெறுமானம் வேறு என்று பிரித்தாரே, கிரீன் இருந்திருந்தால் அப்படிப் பிரிக்க விட்டிருப்பாரா? எனக்குத் தோன்றவில்லை. நீ என்ன சொல்கிறாய், எழுது. போனில் வேண்டாம்.

அம்மா