மூச்சு வாங்கும் நேரத்தில் நீட்டப்படும் மைக்

இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் விளையாட்டு வீரர் ஆணையத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தென்மாவட்டம் ஒன்றின் அரசு மேல்நிலைப் பள்ளியில் 26 ஆண்டுகளாக உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். மேரி கோம் தலைமையில் 2022 நவம்பரில் உங்கள் ஆணையம் அமைந்தபோது, சரத் கமலும் பவானி தேவியும் அதில் இடம்பெற்ற செய்தியைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். களத்தில் நின்றவர்களே களத்தில் நிற்பவர்களுக்காகப் பேசப் போகிறார்கள் என்ற மகிழ்ச்சி அன்று இருந்தது. அந்த நம்பிக்கையில்தான் இம்மடலையும் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் நடந்த மாநில அளவிலான போட்டியில் என் மாணவி ஒருத்தி 800 மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தாள். ஓடி முடித்து டிராக்கை ஒட்டிய புல்லில் உட்கார்ந்தவள், ஒரு காலின் ஸ்பைக்ஸை மட்டும் கழற்றியிருந்தாள். மற்றதைக் கழற்றக் கையில் வலு இல்லை. அந்த நேரத்தில் ஒரு மைக் அவள் முகத்துக்கு நேரே வந்தது. முதல் கேள்வி பதக்கத்தைப் பற்றியது. இரண்டாவது கேள்வி, அவள் ஊர்க் கோயில் திருவிழாவில் அதற்கு முந்தைய மாதம் நடந்த சாதி மோதலைப் பற்றியது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "அதப்பத்தி எனக்குச் சொல்லத் தெரியலண்ணே" என்றாள். ஓட்டத்தை விட்டுவிட்டு அந்தப் பதிலை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டார்கள். ஊரில் ஒரு தரப்பு அவளைப் பயந்தாங்கொள்ளி என்றது. இன்னொரு தரப்பு, நம் பிள்ளையே நம்மைக் கைவிட்டுவிட்டது என்றது. அவள் அப்பா பல நாள் டீக்கடைப் பக்கமே போகவில்லை. அவளும் இரண்டு வாரம் மைதானத்துக்கு வரவில்லை.

கேள்வி கேட்ட இளைஞரைக் குறைசொல்வது என் நோக்கமன்று. சாதியைப் பற்றி விளையாட்டு வீரர்கள் பேசக் கூடாது என்றும் நான் நினைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பிறந்த எவரும் அப்படி நினைக்க முடியாது. பேசுவதா வேண்டாமா என்பதையும், எப்போது, எந்தச் சொற்களில் என்பதையும் அந்தப் பெண்ணேதான் முடிவு செய்ய வேண்டும் என்பதே நான் உங்கள் முன் வைக்கும் ஒரே செய்தி.

அந்த உரிமை மிகப் பெரிய வீரர்களுக்கே இங்கு வாய்க்கவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஈட்டி எறிதலில் தங்கம் வென்ற சில வாரங்களில் நீரஜ் சோப்ரா ஒரு பேட்டியில், இறுதிப் போட்டியின்போது தன் ஈட்டி பாகிஸ்தான் வீரர் அர்ஷத் நதீமின் கையில் இருந்ததைச் சாதாரணமாகச் சொன்னார். அதை வைத்து நதீமைத் தூற்றினார்கள். யாருடைய ஈட்டியை யாரும் எறிந்து பார்க்கலாம், விதி அதை அனுமதிக்கிறது, என் பெயரை உங்கள் நோக்கத்துக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று 2021 ஆகஸ்ட்டில் அவரே வீடியோ வெளியிட வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில், தான் நடத்தவிருந்த ஈட்டி எறிதல் போட்டிக்கு வரும்படி பஹல்காம் தாக்குதலுக்கு முன்பே நதீமுக்கு அனுப்பியிருந்த ஓர் அழைப்புக்காக நீரஜின் தேசப்பற்றையே கேள்விக்குள்ளாக்கினார்கள். நதீமும் என் பிள்ளை மாதிரிதான் என்று முந்தைய ஆண்டு சொன்ன அவருடைய தாயையும் விட்டுவைக்கவில்லை. பாரிஸ் ஒலிம்பிக்கின்போது அந்தத் தாயின் சொல்லைக் கொண்டாடியவர்கள் நாம்தான்.

வாயை அடைப்பது போலவே, கட்டளையிட்டு வாயைத் திறக்க வைப்பதும் தவறு என்பதற்குத் தென்னாப்பிரிக்கா சாட்சி. 2021 அக்டோபர் 26 அன்று துபாயில், டி20 உலகக் கோப்பையில் வெஸ்ட் இண்டீஸுடன் மோதுவதற்குச் சில மணி நேரமே இருந்தபோது, நிறவெறிக்கு எதிராக வீரர்கள் அனைவரும் முழங்காலிட வேண்டும் என்ற அவர்கள் வாரியத்தின் உத்தரவு அணிக்கு வந்தது. குயின்டன் டி காக் அந்தப் போட்டியிலிருந்தே விலகினார். இரண்டு நாள் கழித்து மன்னிப்புக் கேட்டவர், தன் சிற்றன்னை கறுப்பினத்தவர் என்பதையும், தான் கலப்பினக் குடும்பத்திலிருந்து வந்தவர் என்பதையும் உலகத்துக்கு விளக்க வேண்டியிருந்தது. அடுத்த போட்டியில் முழங்காலிட்டார். அந்தக் கோரிக்கை நியாயமானது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் ஒரு மனிதரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியிருக்க வேண்டிய காரியத்தை உத்தரவாக்கியதால், அவர் தம் வீட்டுக் கதையைத் தெருவுக்குக் கொண்டுவர நேர்ந்தது.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். 2023இல் சாக்‌ஷி மாலிக், வினேஷ் போகாட், பஜ்ரங் புனியா ஆகியோர் தங்கள் மல்யுத்தக் கூட்டமைப்பின் அன்றைய தலைவர் மீது பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டுடன் டெல்லி ஜந்தர் மந்தரில் போராட்டத்தில் அமர்ந்தபோது, கிரிக்கெட் வீரர்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்று வினேஷ் கேட்டார். நானும் அன்று அதே கோபத்தில்தான் இருந்தேன். அபினவ் பிந்த்ராவும் நீரஜும் பேசினார்கள். மே 28 அன்று புதிய நாடாளுமன்றத்தை நோக்கிச் சென்றவர்களைப் போலீஸ் தூக்கிச் சென்ற காட்சியை என் மாணவிகள் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஒலிம்பிக் மெடல் வாங்குனவங்களுக்கே இப்படியா சார்?" என்று ஒருத்தி கேட்டாள். அவ்வாண்டு டிசம்பரில் சாக்‌ஷி தன் ஷூக்களை மேசை மேல் வைத்துவிட்டு மல்யுத்தத்தை விட்டே போனார். பேசுங்கள் பேசுங்கள் என்று வீரர்களை உந்தும் நாம், பேசியவர்களுக்கு என்ன நடந்தது என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறோம்.

பலரும் கவனிக்காத இன்னொன்றும் இருக்கிறது. கிரிக்கெட்டை விட்டால், நம் நாட்டு வீரர்களில் பலர் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை பெற்ற அரசு ஊழியர்கள். ரயில்வே, ராணுவம், காவல் துறை, வருமான வரித் துறை என்று ஏதோ ஒன்றுதான் அவர்கள் வீட்டு அடுப்பை எரிய வைக்கிறது. அந்த மூவருமே ரயில்வே ஊழியர்களாகத்தான் போராட்டத்தில் அமர்ந்தார்கள். மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகளும் (1964), ரயில்வே பணி நடத்தை விதிகளும் (1966), அரசின் கொள்கையையோ நடவடிக்கையையோ குறைகூறும் கருத்தை ஊழியர் பொதுவெளியில் சொல்லக் கூடாது என்கின்றன. கோப்பு பார்க்கும் எழுத்தருக்காக எழுதப்பட்ட விதி அது. எழுத்தரின் வாய்க்கு முன்னால் யாரும் மைக் நீட்டுவதில்லை. ஊரார் பேசச் சொல்லும் நாளில், வேலை பேசாதே என்கிறது. பேசாவிட்டால் கோழை, பேசினால் விளக்கம் கேட்டு மெமோ. இருபது வயதில் குடும்பத்தின் முதல் அரசுச் சம்பளத்தை வாங்கும் ஒரு பிள்ளையிடம் இதைத் தனியாகச் சுமக்கச் சொல்வது எந்த நியாயம்?

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். தங்கள் கூட்டமைப்பின் மீதோ பயிற்சியாளர் மீதோ புகார் சொல்லும் வீரர் மீது நடத்தை விதியின் பெயரால் நடவடிக்கை எடுக்கப்படாது என்ற எழுத்துபூர்வமான உறுதியை, வீரர்களை வேலைக்கு வைத்திருக்கும் துறைகளிடமிருந்து ஆணையம் கேட்டுப் பெற வேண்டும். மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் எனக்கு முக்கியம். 18 வயது நிரம்பாதவர்களிடம் பயிற்சியாளரோ பெற்றோரோ உடன் இல்லாமல் பேட்டி எடுக்கக் கூடாது என்பதை மாநிலப் போட்டிகள் வரை நடைமுறைப்படுத்துங்கள். எந்தக் கூட்டமைப்பும் ஒரு வீரரிடம் இந்தப் பதிவைப் போடு, இந்த ஹேஷ்டேகைச் சேர் என்று சொல்லாதிருக்கட்டும். டோக்கியோவுக்கு முன் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே களத்தில் அரசியல் வெளிப்பாட்டைத் தடைசெய்யும் தன் 50ஆம் விதியின் வழிகாட்டுதலைச் சற்றுத் தளர்த்தி, போட்டி தொடங்கும் முன் களத்திலும் பின்னர் செய்தியாளர்களிடமும் கருத்துச் சொல்ல இடம் கொடுத்தது. அந்த அனுமதி எதுவரை செல்லும் என்பதைத் தமிழ் உட்பட எல்லா மொழிகளிலும் இரண்டு பக்கத்தில் அச்சிட்டு மாவட்ட விளையாட்டு விடுதிகளுக்கு அனுப்பினால், என்னைப் போன்றவர்கள் அதைப் படித்துக் காட்டுவோம்.

அந்த மாணவியைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்தப் பேட்டிக்கு நான்கு மாதம் கழித்து, பள்ளிக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேசலாமா என்று அவளாகவே வந்து கேட்டாள். கோடு போட்ட நோட்டுத்தாளில் எழுதி வைத்திருந்தாள். திருவிழாவில் தன் வகுப்புத் தோழியின் தெருவுக்குச் சாமி ஏன் வரவில்லை என்று தொடங்கி நான்கு நிமிடம் பேசினாள். கேமரா எதுவும் இல்லை. முன்வரிசையில் இருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். அவள் தோழி அழுதாள்.

இப்போது அவள் கல்லூரி இறுதியாண்டில் இருக்கிறாள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காவல் துறைத் தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். வேலை கிடைத்த பிறகு அப்படிப் பேசலாமா சார் என்று போன வாரம் என்னிடம் கேட்டாள். உங்கள் பதில் வந்தால் அதை அவளிடம் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்