பூட்டை மாற்ற வேண்டாம், மக்களே

மக்களே,

புதுப் பூட்டு ஒன்றும் வாங்க வேண்டாம். ஆர்டர் போட்டிருந்தால் இன்றைக்கே ரத்து செய். எண்ணோ விரலோ வைத்துத் திறக்கிற நம் முன்கதவு பேட்டரிப் பூட்டு 'ஜாம்', அதாவது சிக்கிக்கொண்டது என்று ஷார்ஜாவில் இருந்துகொண்டு போனில் பார்த்ததும், பூட்டு போச்சு என்று முடிவு கட்டிவிட்டாய். இங்கே குலசேகரத்தில் இடவப்பாதி, அதான் தென்மேற்குப் பருவமழை, தொடங்கியதிலிருந்து மழை விடவே இல்லை. நம் முன்கதவு பிலாத் தடி, பலா மரம். ஈரம் குடித்து உப்பியிருக்கிறது, அவ்வளவுதான் சங்கதி.

கதவைத் திறந்து வைத்துக்கொண்டே எண்பலகையில் பூட்டின் எண்ணைத் தட்டிப் பார்த்தேன். பூட்டின் நாக்கு சடக்கென்று வெளியே வந்தது, சடக்கென்று உள்ளே போனது. சாத்திவிட்டுப் போட்டால் மோட்டார் முனகி, பாதியில் நின்று, சிவப்பு விளக்கு எரிகிறது. தோளால் கதவை அழுத்திப் பிடித்தால் அப்போது பூட்டிக்கொள்கிறது. பிறகு மோட்டாரை எப்படிக் குறை சொல்வது?

எங்கே இடிக்கிறது என்று தெரிய, நாக்கின் முனையில் கண்மை தடவிக் கதவைச் சாத்திப் பூட்டினேன். நிலையில் அடித்திருக்கும் தகட்டில், துளையின் கீழ் விளிம்பில் கறுப்பு ஒட்டியிருந்தது. அப்படியென்றால் கதவு தொங்கியிருக்கிறது. ஆசாரியை வரச் சொன்னேன். மேல் கீலில் திருகுகள் ஆடிக்கொண்டிருந்தன; நீளமான திருகு போட்டு இறுக்கியதும் கதவு கொஞ்சம் மேலே ஏறியது. மீதியைத் தகட்டின் விளிம்பை அரத்தால் ராவிச் சரிசெய்தார். கதவையே இழைத்துவிடலாமே என்றார் அப்பா. நான் விடவில்லை. மழையில் இழைத்த கதவு மாசி, பங்குனி வெயிலில் சுருங்கினால் இடுக்கு வழியாகப் பல்லி வரும், அப்புறம் பாம்பும் வரும்.

பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்றாயே, அதற்கும் இந்தக் கதவுதான் காரணம். நாக்கு உரசும்போதெல்லாம் மோட்டார் மூச்சைப் பிடித்துத் தள்ளுகிறது, கரண்டை உறிஞ்சுகிறது. இன்னொன்று, எண்பலகையில் வெளிச்சம் வருவதை வைத்துப் பேட்டரி நல்லது என்று சொல்ல முடியாது. விளக்கு எரியக் கொஞ்சம் கரண்ட் போதும், மோட்டார் சுற்றத்தான் நிறைய வேண்டும். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற மலிவு செல்லால் அதைக் கொடுக்க முடியாது. நீ மேசை டிராயரில் விட்டுப்போன, சார்ஜ் செய்கிற செல்லும் இதற்கு ஆகாது. அது ஒன்று 1.2 வோல்ட், நாலும் சேர்ந்து 4.8தான். இந்தப் பூட்டு கேட்பது 1.5 வோல்ட் அல்கலைன் நாலு, மொத்தம் 6 வோல்ட். நாலையும் ஒரே நேரத்தில் புதிதாக மாற்றினேன். பழசும் புதுசும் கலந்து போட்டால் பழசு ஒழுகிக் கம்பியை அரித்துவிடும்.

அப்பாவின் விரலை அது அடையாளம் காணாததற்கும் பூட்டைத் திட்டாதே. இத்தனை வருஷம் ரப்பர் பால் வெட்டி, ஆசிட் கலந்து, ஷீட் அடித்த கை. ரேகை தேய்ந்து கிடக்கிறது. எண்ணைப் போட்டே திறக்கட்டும். முன்னும் பின்னும் வேறு எண்களைச் சேர்த்துப் போட்டாலும் நடுவில் சரியான எண் வந்தால் திறக்கும் என்று நீ காட்டிக்கொடுத்ததிலிருந்து அவருக்கு ஒரே குஷி. மந்திரம் ஜெபிக்கிற மாதிரி நின்று தட்டிக்கொண்டிருக்கிறார், பின்னால் நான் மீன்சட்டியோடு நிற்கிறேன். சாரல் அடித்து எண்பலகை நனைந்திருந்தால் தொடுவது அதற்குச் சரியாகப் புரியாது. தவறான எண் திரும்பத் திரும்பப் போனால் கொஞ்ச நேரம் யாருக்கும் திறக்காமல் முறைத்துக்கொண்டு நிற்கும். அதனால் முதலில் துடைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ரீசெட் செய்யச் சொன்னாய், நான் செய்யவில்லை. அதை அழுத்தினால் எல்லார் எண்ணும் விரலும் அழிந்து, கம்பெனி போட்டுக் கொடுத்த பழைய எண்ணுக்குத் திரும்பும். அந்த எண் கூடவந்த புத்தகத்திலேயே அச்சடித்திருக்கிறது. உப்பின கதவு அதனால் சுருங்கவா போகிறது?

நீ அங்கிருந்தே போனில் பூட்டுகிற வழக்கத்தையும் விடு. கதவு சரியாகச் சாத்தாமல் இருக்கும்போது நாக்கு வெளியே வந்து நிற்கிறது. யாராவது தெரியாமல் அடித்துச் சாத்தினால் நிலைதான் பிளக்கும்.

இரும்புச் சாவி இரண்டையும் பீரோவுக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். பூட்டின வீட்டுக்குள் சாவி இருந்து என்ன பயன்? ஒன்றை அடுத்த வீட்டு மாமியிடம் கொடுத்திருக்கிறேன். எண்பலகையின் அடியில் இரண்டு பொட்டு இருக்கிறதல்லவா, உள்ளே பேட்டரி செத்துப்போனால் அதில் 9 வோல்ட் பேட்டரியின் தலையைத் தொட்டுப் பிடித்துக்கொண்டே எண்ணைப் போட்டால் திறக்கும். அப்படி ஒரு பேட்டரியும் வாங்கி மாமியிடமே வைத்திருக்கிறேன்.

அங்கே உன் அறைக் கதவிலும் இதே மாதிரிப் பூட்டுத்தான் என்றாய். அதன் சாவி எங்கே இருக்கிறது? அலமாரியில் என்றால் நாளைக்கே ஒன்றை ஆபீஸில் கொண்டு வை.

மாஸ்டர் எண் எழுதிய சீட்டு உன்னிடமே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பாதே. ராத்திரி கூப்பிடும்போது சொல், எழுதிக்கொள்கிறேன்.

அம்மா