தாய்மொழி என்ற கட்டம்

மதுரை

அன்புள்ள மாப்ளே,

நாங்கள் இங்கே நலம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? போன வாரம் திருமலை நாயக்கர் மஹால் பக்கம் போனேன். உங்கள் பழைய தெருவில் தறிச் சத்தமே இல்லை. உன் அம்மா திண்ணையில் உட்கார்ந்து சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவார்களே, அதுதான் கண்ணில் நின்றது. நகத்தால் துணியைக் கிள்ளி நூலைச் சுற்றி இறுக்குவார்கள். சாயம் போட்டுக் காய்ந்தபின் இழுத்தால் பொட்டுப் பொட்டாக விரியும். 2005இல் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் கடையில் தொங்குவதில் பெரும்பாலும் அச்சுப் போட்டதுதான். கையால் முடிந்ததைத் தேடித்தான் வாங்க வேண்டும்.

முள்முருங்கை வடை வாங்க நின்றேன். கடைப் பாட்டி பேத்தியிடம் உங்கள் சௌராஷ்டிர மொழியில் ஏதோ கேட்டார். பிள்ளை தமிழில் பதில் சொன்னது. பாட்டி மறுபடி கேட்டார், மறுபடியும் தமிழ்தான். இரண்டு பேருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. உங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன், அந்தப் பேச்சு காதில் விழாத மஹால் தெருவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஊர் நன்றாகப் பெருத்துவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரத்தில் மட்டும் 10,17,865 பேர், சுற்றுப்பகுதியும் சேர்த்தால் 14 லட்சத்து 65 ஆயிரம். சென்னை, கோவைக்கு அடுத்து நாம்தான். அதே வருஷம் திருப்பரங்குன்றம், அவனியாபுரம், ஆனையூர் எல்லாம் மாநகராட்சிக்குள் வந்து வார்டுகள் 72இலிருந்து 100 ஆயின. நாம் சைக்கிளில் சுற்றியபோது வயலாக இருந்த இடமெல்லாம் இன்று வீடு. ஓட்டலில் தோசை கொண்டுவந்து வைக்கிற பையன் இந்தி பேசுகிறான். இந்த ஊருக்கு அது புதிதில்லை என்றே நினைக்கிறேன். காஜிமார் தெருப் பள்ளிவாசல், மாசி வீதிகளில் மார்வாடிக் கடைகள், நாயக்கர் காலத்தில் தறியோடு வந்த உங்கள் ஆட்கள் என்று எல்லோரும் கோயிலைச் சுற்றிய இந்த நாலைந்து வீதிகளுக்குள்தானே இடம் பிடித்தார்கள்.

சரி, நான் எழுத வந்த விஷயம் இதுதான். 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போய், 2027 பிப்ரவரியில் ஆட்கள் வீடு வீடாக வரப்போகிறார்கள். 1931க்குப் பிறகு முதல் முறையாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே எல்லோருடைய சாதியையும் எண்ணப்போவதால் டீக்கடையில் அதே பேச்சு. எனக்கு உன் வீட்டுத் தாய்மொழிக் கட்டத்தைப் பற்றித்தான் கவலை. போன முறை நாடு முழுக்க சௌராஷ்டிரம் என்று சொன்னவர்கள் 2,47,702 பேர். மதுரை, பரமக்குடி, சேலம், கும்பகோணம் எல்லாம் சேர்த்தே அவ்வளவுதான். வெளியூரில் வேலை, சுற்றிலும் வேறு மொழி என்று நீ பேசாமல் தமிழ் என்று சொல்லிவிடாதே. தமிழ் கோடிக்கணக்கானவர்கள் பேசும் மொழி, நீ ஒருவன் சேர்வதால் அதற்குக் கூடப்போவது ஒன்றுமில்லை. தெரிந்த மற்ற இரண்டு மொழிகளையும் தனியாகக் கேட்பார்கள், தமிழை அங்கே சொல்.

ஆனால் கணக்கெடுப்புக்காரர்களுக்குத் தந்த விளக்கத்தில் தாய்மொழி என்றால் குழந்தைப் பருவத்தில் தாய் பேசிய மொழி என்றுதான் இருக்கிறது. பேச்சு வராத குழந்தை என்றால் தாய் வழக்கமாகப் பேசுகிற மொழியை எழுதுவார்கள். உன்னைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வராது, அம்மா உன்னிடம் வேறு மொழி பேசி நான் கேட்டதே இல்லை. உன் பேத்திக்கு என்ன சொல்வாய்? உன் மகளுக்கு மொழி நன்றாகத் தெரியும், பேசத்தான் கூச்சம். இன்னும் நாள் இருக்கிறது. குழந்தையிடம் அதில் பேசச் சொல், நீயும் போனில் அதிலேயே பேசு. பொய் சொல்லி எழுத வேண்டாம், பேசிவிட்டு எழுதுங்கள்.

சித்திரைத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வா. எதிர்சேவை அன்று நம் வீட்டில்தான் தங்க வேண்டும். அப்புறம், பேத்தியை அந்தப் பாட்டி கடைக்கு நானே கூட்டிப்போகிறேன். வடை கேட்பதற்கு உங்கள் மொழியில் என்ன சொல்ல வேண்டுமோ அதை மட்டும் அவளுக்குப் பழக்கிக் கூட்டி வா.

உன்
மாப்ளை