கூறைப்புடவைக்கு அடியில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நீ பேசி ஐந்து ஞாயிற்றுக்கிழமை ஆகிறது. வேலை அதிகமாக இருக்கும். வேளைக்குச் சாப்பிடு. கேன்டீன் சோறு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரு ரசமாவது வைத்துக்கொள். பொடி மிச்சம் இருக்கிறதா? அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கொல்லைப்பக்கத்து ஓடு மாற்றியாயிற்று.

ப்ளஸ் டூ பரீட்சை நேரத்தில் உன் கையிலிருந்து பிடுங்கினேனே, பாட்டியின் ‘கடல் புறா’ தொடர்கதை பைண்டு, அது பழைய பேப்பர்காரனிடம் போகவில்லை. பன்னிரண்டு வருஷமாக என் கூறைப்புடவைக்கு அடியில்தான் இருக்கிறது. மன்னார்குடியில் பாட்டி குமுதத்திலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்தது. தையல் இறுகி, ஓரத்து எழுத்தெல்லாம் உள்ளே போய்விட்டது. ஊகித்துத்தான் படிக்கவேண்டும். எனக்கு ஊகிக்க வேண்டியதில்லை.

ஆமாம், இப்போதும் படிக்கிறேன். அப்பா தூங்கிய பிறகு. கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்ற சேதிதான் கலிங்கத்துப்பரணியில் இருக்கிறது. இந்தக் காதலெல்லாம் சாண்டில்யன் சேர்த்தது, தெரியும். காஞ்சனாதேவியின் இடையை அவர் பக்கம் பக்கமாக வர்ணிக்கும்போது இந்த வயதிலும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு வரியைத் தள்ளிப் படித்ததில்லை.

அட்சயமுனையில் கருணாகரனுக்கு இன்னொருத்தி வருகிற பக்கத்தின் ஓரத்தில் உன் பென்சில் எழுத்து. “அப்ப காஞ்சனா?” பதினேழு வயதில் எனக்கும் அங்கேதான் கோபம் வந்தது. நான் எழுதவில்லை. நீ எழுதியிருக்கிறாய்.

நீ இருக்கிற கூலிம், மலேசியாவில் கெடாவில்தானே? கெடாதான் கடாரம். 1025-இல் ராஜேந்திரன் படை கப்பலேறிப் போன ஊர். காஞ்சனாதேவியின் ஊரில் என் பெண் வேலை பார்க்கிறாள் என்று மனசுக்குள் எத்தனை முறை சொல்லிக்கொண்டிருப்பேன் தெரியுமா? பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில்களின் அடித்தளம் இருக்கிறதாம். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு தடவை போய்ப் பார்க்கக் கூடாதா? எதையும் அம்மாவிடம் சொல்வதில்லை நீ.

“கண்ட கதையைப் படித்துக் கெட்ட புத்தி” என்று அன்றைக்குப் போனில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அன்று உன்னை அடித்ததும் நீ படித்ததற்காக இல்லை பாப்பா. “இந்தக் குப்பை எப்படி வீட்டுக்குள் வந்தது” என்று அப்பா கேட்டார். என் பிறந்த வீட்டுப் பெட்டியில் வந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ யாரிடமோ வாங்கி வந்ததாகச் சொன்னேன். நீ என்னைப் பார்த்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றுவரை நீ அதைக் கேட்டதும் இல்லை.

திருவாரூர்க்காரர்களுக்கு அப்பா பதில் சொல்லிவிட்டார். அந்தப் பேச்சு இனி இல்லை.

வாரம் ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளி. வேளைக்குச் சாப்பிடு. பூஜாங் போவதென்றால் தனியாகப் போகாதே. கூட வருகிறவர் யாரென்று எனக்கு மட்டும் சொல். அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்லமாட்டேன்.

அம்மா